சுமை தாங்கும் ஸ்பிரிங்கில் அழகு பார்க்கலாமா?

பெங்களூரில் பிழைக்க வந்த தமிழர் வீட்டு வாசலில் ஒரு காலத்தில் சைக்கிள் நின்றது. பிறகு ஸ்கூட்டர் நின்றது. இன்று அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் விவேக்நகரிலும் பல வீட்டு வாசல்களில் கார் நிற்கிறது. பெரும்பாலும் இன்னொருவர் ஓட்டிவிட்டு விற்ற கார். அதையும் மாதத் தவணையில்தான் வாங்கியிருப்பார்கள். ஆனாலும் சொந்தக் கார். சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான்.

கார் வந்த சில மாதங்களில் வீட்டில் ஒரு பேச்சு எழுகிறது. "வண்டி தூக்கிக்கிட்டு நிக்குதுப்பா. கொஞ்சம் இறக்கிவிட்டா எடுப்பா இருக்கும்" என்கிறான் மகன். டயருக்கும் அதற்கு மேலே இருக்கிற தகட்டு வளைவுக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி இருப்பது அவன் கண்ணை உறுத்துகிறது. ஜே.சி. ரோட்டில் கடை கடையாக விசாரிக்கிறான். அங்கே இரண்டு பெயர்கள் காதில் விழுகின்றன. ஒன்று லோயரிங் ஸ்பிரிங். மற்றொன்று காயில் ஓவர். இரண்டில் எது உசத்தி என்று நண்பர்களுக்குள் நடுராத்திரி வரை விவாதம் நடக்கிறது.

நான் ஸ்பேனர் பிடிக்கும் மெக்கானிக் அல்ல. ரயில்வேயில் பேனா பிடிக்கும் குமாஸ்தா. ஆனால் நான் சம்பளம் வாங்கும் இலாகாவே ஸ்பிரிங்கின் மேல் ஓடுகிற இலாகா. பெட்டி பழுது பார்க்கும் பிட்டர்களிடமும், நகரத்துப் பட்டறைக்காரர்களிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதை வைத்து இதை எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குடும்பத்தை ஏற்றிக்கொண்டு ஊருக்குப் போய்வரும் காருக்கு இரண்டும் வேண்டாம். ஆசையை அடக்க முடியாது, ஒன்றைப் போட்டே தீருவேன் என்பவர்களுக்கு எதை, எப்படிப் போடுவது என்பதையும் சொல்கிறேன். மூன்றாவதாக ஒரு மலிவான வழி இருக்கிறது. இருக்கிற ஸ்பிரிங்கையே வெட்டிக் குட்டையாக்குவது. அதை மட்டும் எவரும் செய்யக்கூடாது.

ஸ்பிரிங் ஒரு வேலை, ஷாக் அப்சார்பர் ஒரு வேலை

ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் இரண்டையும் ஒன்றாக எண்ணிப் பேசுகிறவர்கள் அதிகம். இரண்டும் வெவ்வேறு. காரின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். பள்ளத்தில் சக்கரம் இறங்கினால் விரிகிறது. மேட்டில் ஏறினால் சுருங்குகிறது. ஸ்பிரிங் மட்டும் இருந்தால் ஒரு மேட்டைத் தாண்டிய பிறகும் வண்டி தொட்டில் மாதிரி ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை நிறுத்துவதுதான் ஷாக் அப்சார்பர். உள்ளே எண்ணெய் இருக்கிறது. சின்னத் துவாரங்கள் வழியே அந்த எண்ணெய் திணறித் திணறிப் போகும்போது ஆட்டத்தின் வேகம் சூடாக மாறி அடங்கிவிடுகிறது.

அம்பாசடர் காரில் பின்பக்கம் லாரியைப் போலப் பட்டைகள் இருந்தன. முன்பக்கம் முறுக்குக் கம்பி. இன்றைய சின்னக் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு முன்பக்கம் மேக்பர்சன் ஸ்ட்ரட் அமைப்பு. ஏர்ல் மேக்பர்சன் என்ற அமெரிக்க எஞ்சினியர் வகுத்த முறை அது. 1950-இல் இங்கிலாந்தில் வெளிவந்த ஃபோர்டு கான்சல் காரில் வந்தது. 1983 டிசம்பரில் நம் நாட்டுக்கு வந்த மாருதி 800-க்கும் அதுதான். ஷாக் அப்சார்பரைச் சுற்றியே சுருள் ஸ்பிரிங் உட்கார்ந்திருக்கும். பின்பக்கம் பல சின்னக் கார்களில் ஸ்பிரிங் தனி, ஷாக் அப்சார்பர் தனி.

இந்த இரண்டும் கணவன் மனைவி மாதிரி. இன்ன எடைக்கு இன்ன ஸ்பிரிங், அந்த ஸ்பிரிங்குக்கு இன்ன ஷாக் அப்சார்பர் என்று கம்பெனியில் பொருத்தம் பார்த்துத்தான் ஜோடி சேர்க்கிறார்கள். ஒன்றை மாற்றினால் மற்றொன்றையும் கேட்க வேண்டும். இந்த ஒரு விஷயம் புரிந்தால் போதும், கடைக்காரர் சொல்வதில் பாதி தானாக விளங்கிவிடும்.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

லோயரிங் ஸ்பிரிங் என்பது கம்பெனி ஸ்பிரிங்கைவிடக் குட்டையான, விறைப்பான ஸ்பிரிங். பழையதைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் மாட்டுவார்கள். ஷாக் அப்சார்பர் பழையதே இருக்கும். கார் 2 முதல் 4 சென்டிமீட்டர் வரை இறங்கும். செலவு ஆயிரங்களோடு முடியும். ஒரு முறை மாட்டினால் அந்த உயரம்தான். கூட்டவோ குறைக்கவோ முடியாது.

குறை எங்கே வருகிறது? ஸ்பிரிங்தான் புதிது, ஷாக் அப்சார்பர் பழைய ஸ்பிரிங்குக்காகச் செய்தது. கார் இறங்கிவிட்டதால் அதன் தண்டு எப்போதும் கொஞ்சம் உள்ளே போயே இருக்கிறது. மேட்டில் ஏறும்போது இன்னும் உள்ளே போவதற்கு மிச்ச இடம் குறைவு. கடைசியில் இருக்கிற ரப்பர் கட்டையில் அடிக்கடி முட்டுகிறது. விறைப்பான ஸ்பிரிங் வேகமாக உதைத்து எழும்புவதைப் பழைய ஷாக் அப்சார்பரால் பிடித்து நிறுத்த முடியவில்லை. ஏற்கெனவே 60,000, 70,000 கிலோ மீட்டர் ஓடிய காரானால் அது சீக்கிரமே எண்ணெய் கக்கிவிடும்.

காயில் ஓவர் வேறு விதம். அதில் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே செட்டாக வருகின்றன. ஷாக் அப்சார்பரின் உடம்பில் போல்ட் மாதிரி மரை வெட்டியிருக்கும். ஸ்பிரிங் உட்காரும் வளையத்தை அந்த மரையில் திருகி மேலே ஏற்றலாம், கீழே இறக்கலாம். விலை கூடியவற்றில் எண்ணெயின் தடையையும் ஒரு குமிழைத் திருகிக் கூட்டலாம், குறைக்கலாம். விலை பல பதினாயிரங்கள். ஒரு லட்சத்தைத் தாண்டுவதும் உண்டு.

காயில் ஓவரிலும் இரண்டு ஜாதி இருக்கிறது. மலிவானவற்றில் ஸ்பிரிங் வளையத்தை மட்டும்தான் நகர்த்தலாம். ரொம்ப இறக்கினால், ஜாக்கி போட்டுத் தூக்கும்போது ஸ்பிரிங் இருக்கையில் தளர்ந்து ஆடும். மற்ற ஜாதியில் அடிப்பகுதியே தனியாகத் திருகி ஏறி இறங்கும். அதனால் தண்டு ஓடுகிற நீளம் குறையாது. விலை அதற்குத் தகுந்த மாதிரி. கடைக்குப் போகிற தம்பிகள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: "உயரத்தைக் குறைத்தால் தண்டு ஓடும் நீளமும் குறையுமா, குறையாதா?" இதற்கு நேராகப் பதில் சொல்லத் தெரியாத கடையில் பணத்தை எடுக்க வேண்டாம்.

மாட்டினால் வேலை முடிந்துவிடுவதில்லை. நாலு மூலையும் சம உயரத்தில் நிற்கிறதா என்று அளக்க வேண்டும். வீல் அலைன்மென்ட் பார்க்க வேண்டும். மழைக்காலத்துச் சேறும் மணலும் மரையில் ஏறி இறுகிவிடும். கழுவித் துடைத்து வைக்காவிட்டால் ஒரு வருஷத்தில் வளையம் அசையாது. அப்புறம் லட்ச ரூபாய் காயில் ஓவரும் சில ஆயிர ரூபாய் ஸ்பிரிங்கும் ஒன்றுதான்.

வெட்டுவது வினை

இரண்டுக்கும் வசதி இல்லாதவர்களிடம், "எதுக்கு சார் செலவு? ஒரு சுத்து வெட்டிடலாம்" என்கிறார்கள் சில பட்டறைகளில். சில நூறு ரூபாயில் காரியம் முடிகிறது. நம்மவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான்.

ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டினால் அது மிருதுவாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை நேர் எதிர். 6 சுற்று வேலை செய்யும் ஸ்பிரிங்கில் ஒன்றை எடுத்துவிட்டால் மிச்சம் 5. விறைப்பு ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும். கார் இறங்கவும் செய்கிறது, விறைக்கவும் செய்கிறது. ஷாக் அப்சார்பருக்கு இரட்டைத் தண்டனை.

அதைவிட அபாயம் ஸ்பிரிங்கின் நுனியில் இருக்கிறது. கம்பெனி ஸ்பிரிங்கின் நுனி, தான் உட்காரும் கிண்ணத்துக்கு ஏற்ற மாதிரி வடிவம் பெற்றிருக்கும். வெட்டிய நுனிக்கு அந்த வடிவம் கிடையாது. ஒரு முனையில் மட்டும் ஊன்றி நிற்கும். பெரிய பள்ளத்தில் சக்கரம் முழுக்கத் தொங்கும்போது குட்டையான ஸ்பிரிங் இருக்கையை விட்டு நழுவலாம். திரும்ப வந்து உட்காரும்போது கோணலாக உட்காரலாம். ஓடுகிற காரில் அது நடந்தால் என்ன ஆகும் என்று விவரிக்க வேண்டியதில்லை.

இன்னொரு முறையும் உண்டு. கேஸ் வைத்துச் சூடாக்கி ஸ்பிரிங்கை அமர வைப்பது. ஸ்பிரிங் எஃகுக்கு உயிரே அதற்குக் கொடுத்த பதம்தான். சூடு பட்ட இடத்தில் பதம் போய்விடும். பிறகு அந்த இடம் தொய்யும், அல்லது ஒரு நாள் உடையும்.

ஒரு சின்னக் கணக்கு

வாயால் சொன்னால் நம்பாதவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்.

காலியாக நிற்கும் சின்னக் காருக்குத் தரையிலிருந்து அடிப்பாகம் வரை 16 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மாருதி ஸ்விஃப்டுக்குக் கம்பெனி சொல்லும் அளவு 163 மில்லிமீட்டர். ஆகவே நம் கணக்கு உண்மைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. பின்பக்கம் ஒரு சக்கரத்தின் மேல் 25 கிலோ ஏறினால் வண்டி 1 சென்டிமீட்டர் அமுங்கும் என்று வைப்போம்.

பொங்கலுக்கு ஊருக்குப் புறப்படுகிறோம். பின் சீட்டில் 3 பேர், தலைக்கு 60 கிலோ. டிக்கியில் துணிமணி, பாத்திரம், பலகாரம் என்று 40 கிலோ. மொத்தம் 220 கிலோ. இந்தச் சுமை கிட்டத்தட்ட முழுவதும் பின் சக்கரங்கள் இரண்டின் மேல்தான். ஒன்றுக்கு 110 கிலோ. வண்டியின் பின்பக்கம் 4.4 சென்டிமீட்டர் அமுங்குகிறது. தரைக்கும் வண்டிக்கும் நடுவே மிச்சம் 11.6 சென்டிமீட்டர்.

அதே காரை 3 சென்டிமீட்டர் இறக்கி, ஐந்தில் ஒரு பங்கு விறைப்பான ஸ்பிரிங் போட்டிருக்கிறோம். அதற்கு 1 சென்டிமீட்டர் அமுங்க 30 கிலோ வேண்டும். 110 கிலோவுக்கு 3.7 சென்டிமீட்டர் அமுங்கும். மிச்சம் 9.3 சென்டிமீட்டர்.

இப்போது வேகத்தடைக்கு வருவோம். இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் 1988-இல் வகுத்த விதிப்படி வட்டமான வேகத்தடையின் உயரம் 10 சென்டிமீட்டர். குறுக்கே அகலம் 3.7 மீட்டர். மணிக்கு 25 கிலோ மீட்டர் வேகத்தில் தாண்டுவதற்காகக் கணக்கிட்டது. அவ்வளவு அகலமாக, சரிவாக இருந்தால் முன் சக்கரமும் பின் சக்கரமும் அதன் மேலேயே நிற்கும். வண்டியின் வயிற்றை அது நெருங்குவது நாலரை சென்டிமீட்டருக்குள்தான். இறக்கிய காரும் தாராளமாகத் தாண்டிவிடும்.

ஆனால் நம் தெருவில் இருப்பது அந்த வேகத்தடையா? வீட்டுக்காரர்களே சிமெண்டைக் கொட்டி எழுப்பிய, இரண்டு ஜாண் அகலமுள்ள, சுவர் மாதிரியான மேடு. அதில் முன் சக்கரம் ஏறி இறங்கிய பிறகு முழு 10 சென்டிமீட்டரும் வயிற்றுக்கு நேராக வரும். இறக்காத காருக்கு 11.6 இருக்கிறது, மெதுவாகப் போனால் தாண்டிவிடும். இறக்கிய காருக்கு 9.3 தான் இருக்கிறது. சைலன்சர் இடிக்கிறது. பின் சீட்டில் இருப்பவர்களை இறக்கிவிட்டுத்தான் தாண்ட வேண்டும். அம்மாவை நடுத்தெருவில் இறக்கி நடக்கவிட்டுக் காரை ஓட்டிச் செல்வதற்கா கார் வாங்கினோம்?

இடிப்பதையாவது காதால் கேட்கலாம். கேட்காத ஆபத்து ஒன்று உண்டு. காலியாக நிற்கும் கார் ரப்பர் கட்டையில் முட்டுவதற்கு 8 சென்டிமீட்டர் தூரம் இருக்கிறது என்று வைப்போம். இறக்காத காரில் சுமை ஏறிய பிறகு 3.6 சென்டிமீட்டர் மிச்சம். இறக்கிய காரில் 1.3 சென்டிமீட்டர் மட்டுமே. தர்மபுரியைத் தாண்டி சேலம் போகிறவர்களுக்குத் தொப்பூர் கணவாயைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இறக்கம், வளைவு, பக்கத்தில் பாரம் ஏற்றிய லாரிகள். வளைவில் சாய்ந்து இறங்கும்போது சாலையில் ஒரு சின்ன மேடு வந்தாலும் அந்த 1.3 சென்டிமீட்டர் தீர்ந்துவிடும். தீர்ந்த கணத்தில் அந்தச் சக்கரத்துக்கு ஸ்பிரிங்கே இல்லாத மாதிரி. டயர் சாலையைப் பற்றுவதை விட்டுத் துள்ளும். நடக்கக்கூடாத இடத்தில் நடக்கக்கூடாத காரியம் அது.

ரயில் பெட்டி சொல்லும் பாடம்

ரயில் பெட்டியிலும் சுருள் ஸ்பிரிங்தான் சுமை தாங்குகிறது. 1955-இல் பெரம்பூரில் தொடங்கிய இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையின் பெட்டிகளில் கோடிக்கணக்கான பேர் போய்வந்திருக்கிறார்கள். அந்தப் பெட்டியின் புதுச் சக்கரத்துக்கு விட்டம் 915 மில்லிமீட்டர். ஓடி ஓடித் தேய்ந்து 819 வரை வரலாம். அதற்கு மேல் கழித்துக்கட்டிவிடுவார்கள். சக்கரம் தேயத் தேயப் பெட்டி தாழ்ந்துகொண்டே வரும். முழுதும் தேய்ந்த சக்கரத்தில் பெட்டி 48 மில்லிமீட்டர் இறங்கியிருக்கும்.

பிட்டர்கள் என்ன செய்கிறார்கள்? ஸ்பிரிங் அமரும் இடத்தில் கணக்கான தடிப்புள்ள வளையங்களை வைக்கிறார்கள். தேய்மானத்துக்குத் தகுந்தாற்போல் 13, 26, 38, 48 மில்லிமீட்டர் என்று அளவு இருக்கிறது. இறங்கிய பெட்டி மறுபடி பழைய உயரத்துக்கு வருகிறது. அகல ரயில் பாதையில் பஃபரின் உயரம் 1105 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. சுமை ஏறிய நிலையில் 1030-க்குக் கீழே இறங்கக்கூடாது. 75 மில்லிமீட்டருக்குள்தான் எல்லாம் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் அந்தப் பெட்டியை அடுத்த பெட்டியோடு சேர்த்து ஓட்டுவது ஆபத்து.

யோசித்துப் பார்த்தால் அந்த வளையமும் காயில் ஓவரின் மரையும் ஒரே தத்துவம்தான். ஸ்பிரிங்கின் இருக்கையை ஏற்றி இறக்கி உயரத்தைச் சரிசெய்வது. ரயில்வேயில் அதைச் செய்வது பெட்டியைச் சரியான உயரத்துக்குக் கொண்டுவருவதற்காக. அளந்து செய்கிறார்கள், எழுதி வைக்கிறார்கள், சுமை ஏறினால் எவ்வளவு இருக்கும் என்று பார்த்துச் செய்கிறார்கள். காலிப் பெட்டி யார்டில் நிற்கும்போது எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று எவரும் வளையத்தை உருவுவதில்லை. நம் கார்களுக்கும் அந்த ஒழுங்கு வேண்டாமா?

'ரோடு பிடிக்கும்' என்கிறார்களே?

இறக்கினால் கார் ரோட்டை நன்றாகப் பிடிக்கும் என்பது தம்பிகளின் வாதம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. எடையின் மையம் தாழ்ந்தால் வளைவில் வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு மாறும் சுமை குறையும். ஆனால் எவ்வளவு? மையம் 55 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும் காரை 3 சென்டிமீட்டர் இறக்கினால் கிடைக்கும் லாபம் பதினெட்டில் ஒரு பங்கு. காற்று சரியாக அடைத்த நல்ல டயர் இதைவிட அதிகம் பிடிக்கும்.

மேக்பர்சன் அமைப்பில் இன்னொரு சூட்சுமம் இருக்கிறது. கார் எந்த அச்சைச் சுற்றிச் சாய்கிறதோ அந்த அச்சு, காரைவிட அதிகமாகக் கீழே போய்விடும். அதனால் இறக்கிய கார் சாயப் பார்ப்பது குறைவதற்குப் பதிலாகக் கூடவும் கூடும். விறைப்பான ஸ்பிரிங்தான் அதை முட்டுக்கொடுத்து நிறுத்துகிறது. கீழ்க்கை மேல்நோக்கிச் சாய்ந்து, சக்கரத்தின் கோணமும் மாறிவிடுகிறது. அலைன்மென்ட் பார்க்காமல் ஓட்டினால் டயரின் உள்பக்க ஓரம் கத்தி சீவினாற்போல் தேயும். வெளியிலிருந்து பார்த்தால் டயர் புதுசாகத் தெரியும். உள்ளே கம்பி தெரியும்.

ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் பந்தயப் பாதை இருக்கிறது. கோவையில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. அங்கே காயில் ஓவர் இல்லாமல் முடியாது என்றால் ஒப்புக்கொள்கிறேன். பள்ளமில்லாத பாதை, ஒரே ஆள், டிக்கியில் ஒன்றுமில்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் பிறகு அளந்து திருகுவதற்கு ஆள் இருக்கிறது. கருவி நல்ல கருவிதான். அது பிறந்த இடம் அது. நம்முடைய இடம் ஓசூர் ரோடு.

சட்டமும் காப்பீடும்

1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, கம்பெனி குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் உச்சநீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதிப்படுத்தியது. அதே வருஷம் திருத்தப்பட்ட சட்டத்தில், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். வீதியில் இறக்கிய கார்கள் ஓடுகின்றனவே என்று கேட்கலாம். பிடிபடாதவரை ஓடும். நாம் அயல் மாநிலத்தில் சம்பளத்துக்கு இருக்கிறவர்கள். ஒரு நாள் லீவு போட்டு ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் அலைவதற்கு நமக்குக் கட்டுப்படியாகாது.

காப்பீட்டு விஷயமும் இருக்கிறது. கம்பெனிக்குத் தெரிவிக்காமல் செய்த மாற்றம், விபத்துக்குப் பிறகு நஷ்டஈடு கேட்கும்போது தகராறுக்கு இடம் கொடுக்கும். தவணை பாக்கி இருக்கும் காரில் அந்தத் தகராறு வந்தால் கார் இல்லாமலே தவணை கட்ட நேரிடும். வாடகைக்கு ஓட்டும் மஞ்சள் போர்டு வண்டிக்காரர்கள் தகுதிச் சான்றுக்கு வண்டியைக் காட்ட வேண்டியவர்கள். அவர்கள் இதன் பக்கமே போகக்கூடாது.

பிறகு என்னதான் செய்வது?

ஆசைப்படுவது குற்றம் என்று நான் சொல்லவில்லை. அப்பன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வேலைக்குப் போனவன். மகன் தன் காரை அழகாக வைத்துக்கொள்ள நினைக்கிறான். அது நியாயமான ஆசை. அந்த ஆசைக்கு ஒதுக்கிய பணம் எங்கே போக வேண்டும் என்பதுதான் கேள்வி.

முதலில் ஷாக் அப்சார்பரைப் பாருங்கள். காரின் ஒரு மூலையை இரண்டு கையாலும் அமுக்கி விடுங்கள். எழும்பி வந்து அடங்கினால் சரி. இரண்டு மூன்று தரம் ஆடினால் அது தன் வேலையை முடித்துக்கொண்டுவிட்டது என்று அர்த்தம். உடம்பில் எண்ணெய் வழிந்து தூசி அப்பியிருந்தாலும் அப்படித்தான். புதுசு போடும்போது ஒன்றை மட்டும் போடாதீர்கள். முன் இரண்டு, அல்லது பின் இரண்டு என்று ஜோடியாகப் போடுங்கள். மேலே இருக்கும் ரப்பர் மவுண்ட்டையும், கீழ்க்கையின் புஷ்களையும் அதே நேரத்தில் பார்த்துவிடுங்கள். தேய்ந்த டயரை மாற்றுங்கள். டிரைவர் கதவைத் திறந்தால் தெரியும் இடத்தில் பல கார்களில் காற்றழுத்த அட்டவணை ஒட்டியிருக்கும். முழுச் சுமைக்கு வேறு அளவு போட்டிருப்பார்கள். ஊருக்குப் புறப்படுமுன் அதைப் பார்த்துக் காற்று அடையுங்கள். இவ்வளவும் செய்த பிறகு உங்கள் பழைய கார் எப்படி ஓடுகிறது என்று பாருங்கள். "ரோடு பிடிக்கவில்லை" என்ற குறையில் பெரும்பங்கு அங்கேயே தீர்ந்துவிடும்.

அதன் பிறகும் இறக்கித்தான் தீருவேன் என்கிற தம்பிக்கு என் யோசனை இது. கார் உனக்கு மட்டுமா, குடும்பத்துக்குமா என்று முதலில் முடிவு செய். குடும்பத்துக்கும் அதுதான் என்றால் இத்தோடு விட்டுவிடு. உனக்கு மட்டும் என்றால், 2 அல்லது இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் இறங்காத, உன் கார் மாடலுக்கென்றே செய்த ஸ்பிரிங்கை எடு. அதோடு அதற்குப் பொருந்தும் ஷாக் அப்சார்பரையும் சேர்த்தே வாங்கு. சேர்த்து வாங்கப் பணம் போதவில்லையா? பணம் சேரும் வரை காத்திரு. ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் காப்பீட்டுக் கம்பெனியிலும் எழுத்து மூலமாகக் கேட்டுக்கொண்டு கையை வை. பழைய ஸ்பிரிங்கைக் காயலான் கடையில் போடாதே, விற்கும்போது தேவைப்படும்.

காயில் ஓவர் பக்கம் போகிறவன், பாதிப் பணம் பொருளுக்கு, மீதிப் பொறுமை பராமரிப்புக்கு என்று நினைத்துக்கொள்ள வேண்டும். மரையைத் துடைக்க நேரம் இல்லாதவனுக்கு அது வீண். மலிவான காயில் ஓவரைவிட நல்ல ஸ்பிரிங்கும் நல்ல ஷாக் அப்சார்பரும் மேல். "ஏற்றி இறக்கலாம்" என்ற ஒரு வசதிக்காக ஏமாந்துவிடக் கூடாது. எத்தனை பேர் வாங்கிய பிறகு திருகியிருக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

பட்டறைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. அவர்களிலும் நம்மவர்கள் ஏராளம். கேட்டு வருகிறவனுக்குச் செய்து கொடுப்பது தொழில். ஆனால் ஸ்பிரிங்கை வெட்டச் சொன்னால் மாட்டேன் என்று சொல்வதும் தொழில்தான். அந்தக் காரின் பின் சீட்டில் யார் உட்காரப் போகிறார்கள் என்று வெட்டுகிறவருக்குத் தெரியாது.

நம் கார்கள் வாரத்தில் ஆறு நாள் காலியாக நிற்கலாம். வருஷத்தில் நாலைந்து முறை முழுச் சுமையோடு ஊருக்குப் போகின்றன. ஸ்பிரிங்கைத் தேர்ந்தெடுக்க வேண்டியது அந்த நாலைந்து பயணத்துக்காக. வாசலில் நிற்கும்போது நாலு விரல் இடைவெளி தெரிந்தால் தெரியட்டும். கிராமத்து வீட்டு வாசலில் எல்லோரும் இறங்கிய பிறகு, அந்த இடைவெளி எதற்காக இருந்தது என்று யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை.